காஞ்சிபுரம் இட்லியில் கோதுமை இல்லை... பெருங்காய டப்பாவில் இருக்கலாம்! வீட்டிலேயே குளூட்டன் இல்லாத காய்கறி ஸ்நாக்ஸ்

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்பவர்கள் உண்டு. ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம், நமக்கு எதற்கு என்று கடந்து போகிறவர்களும் உண்டு. ஆனால், இப்படி ஒரு பெயர் புழக்கத்துக்கு வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே, குளூட்டன் துளியும் இல்லாத ஒரு பலகாரத்தை ஆவியில் வேகவைத்துக்கொண்டிருக்கும் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அது, காஞ்சிபுரம்.

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் வரதராஜப் பெருமாள் கோயிலின் இட்லி பிரசித்தம். அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைப்பார்கள். குடலையில் வேகுவதால் 'குடலை இட்லி'. கோயிலில் நைவேத்தியம் ஆவதால் 'கோயில் இட்லி'. நாம் தட்டில் ஊற்றும் இட்லி மாதிரி குட்டியாக இருக்காது. உருளையாக நீண்டு வரும், அதை வெட்டித்தான் கொடுப்பார்கள். பொருள்களின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாலும் கோதுமை என்ற பேச்சே கிடையாது.

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன இந்த ஊரில் அரிசிக்கு இருக்கும் இடமே தனி. சேலை நெய்யும் பாவு நூலுக்குப் போடுவதுகூட அரிசிக் கஞ்சிதான். இட்லி, அடை, கொழுக்கட்டை, வடை என்று காஞ்சிபுரத்து வீடுகளில் மாலை நேரத்துக்குச் செய்யும் பலகாரங்களில் முக்கால்வாசி அரிசியும் பருப்பும்தான்.

அப்படியென்றால், குளூட்டன் ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தை இந்த வீடுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாமா? கூடாது. சிக்கல் பலகாரத்தில் இல்லை. பெருங்காய டப்பா, மாவு மில், சல்லடை, எண்ணெய்ச் சட்டி என்று யாரும் சந்தேகப்படாத இடங்களில் இருக்கிறது.

குளூட்டன் என்றால் என்ன?

சப்பாத்தி மாவைப் பிசைந்து இழுத்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் துணிபோல விரிகிறதே, அதற்குக் காரணமான புரதம்தான் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிறது. மைதா, ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாமே கோதுமையின் பிள்ளைகள்தான். ரை என்பதை நம்மூர் கம்பு என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது.

பெரும்பாலானவர்களுக்குக் குளூட்டனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால், 'சீலியாக்' என்ற பாதிப்பு இருப்பவர்களின் உடல், குளூட்டனைப் பார்த்ததும் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். உணவிலிருந்து சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அதன் பிறகு என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. தொடர் வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், வாய்ப்புண், இரும்புச்சத்து மாத்திரை போட்டும் சரியாகாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாத குழந்தை... இப்படிப் பல முகங்களில் வரும். வயிற்றுத் தொல்லையே இல்லாமல் ரத்தசோகை மட்டும் இருப்பவர்களும் உண்டு. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விலக்குவது ஒன்றே வழி.

குற்றவாளி கோதுமைதான் என்று கண்டுபிடித்த கதை, ஒரு பஞ்சத்தோடு சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது சீலியாக் பாதித்த குழந்தைகள் மட்டும் தேறி வந்தார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். கோதுமைமீது ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்த வில்லம் டிக்கே என்ற குழந்தைகள்நல மருத்துவருக்கு இது பெரிய சாட்சியானது. 1950-ல் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார்.

ஆயிரத்தில் ஒருவர்

இந்தியாவில் 23,331 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. வட இந்தியாவில் 100-க்கு 1.23 பேர், வடகிழக்கில் 0.87 பேர், தென்னிந்தியாவில் 0.10 பேர் என்ற அளவில் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருப்பது தெரியவந்தது. அதாவது, தென்னிந்தியாவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர்.

நம்மவர்களின் மரபணுதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தால், அதுவும் இல்லை. இந்த நோய்க்கு வாய்ப்பளிக்கும் மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டால், தெற்கில் 25 கிராம்தான். அரிசிச் சோறு நமக்கு ஒரு கவசமாக இருந்திருக்கிறது என்று இதைப் படித்துக்கொள்ளலாம். சுகர் வந்தால் சப்பாத்தி, உடம்பு இளைக்கச் சப்பாத்தி, ராத்திரி டிபனுக்குப் பரோட்டா, டீக்கு பிஸ்கட் என்று நம் ஊர்களிலும் தட்டு மாறிக்கொண்டே வருவதை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆயிரத்தில் ஒருவர் என்பது கேட்க நிம்மதியாக இருக்கலாம். அந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அந்த நிம்மதி இருக்காது. அரிதான நோய் என்பதாலேயே அக்கம்பக்கத்தில் யாருக்கும் இதைப் பற்றித் தெரியாது. "ஒரு வாய் கேக் சாப்பிட்டா என்ன ஆகிடப்போகுது?" என்று பிறந்தநாள் வீட்டில் குழந்தையின் வாயில் ஊட்டிவிடுவார்கள். 'அலர்ஜி' என்று சொன்னால் டீக்கடைக்காரர் கத்திரிக்காய் அலர்ஜிபோல எடுத்துக்கொள்வார். விருந்தாளி வீட்டில் தாத்தா பாட்டியிடம் மறுபடி மறுபடி விளக்கி அம்மாக்கள் அலுத்துப்போவார்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். 'டி.டி.ஜி' எனப்படும் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி மூலம் குடலில் எடுக்கும் சதைப் பரிசோதனையும்தான் நோயை உறுதிசெய்யும். கோதுமையை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

பாதிப்பு எதுவும் இல்லாதவர்கள், எடை குறையும் என்று நம்பிக் குளூட்டனைத் துறக்க வேண்டிய அவசியமும் இல்லை. குளூட்டன் இல்லாத பஜ்ஜியும் பஜ்ஜிதான். எண்ணெய் அதே எண்ணெய்தான்.

சிட்டிகைப் பெருங்காயம்

பெருங்காயத்தில் கோதுமையா என்று கேட்காதவர்கள் இல்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'கூட்டுப் பெருங்காயம்' என்று இருக்கும். பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதன் வீரியத்துக்கு அப்படியே சமையலில் போட முடியாது. அதனால், வேலம் பிசினோடும் மாவோடும் கலந்து கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை மாவு அல்லது மைதா. சிலவற்றில் அரிசி மாவு. இது கலப்படம் அல்ல, சட்டமே அனுமதிக்கும் தயாரிப்பு முறை. கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தம் என்று நினைப்பதும் தவறு, அதிலும் மாவு சேர்ப்பது உண்டு.

பெருங்காயம் நம் மண்ணில் விளைந்ததில்லை. ஆப்கானிஸ்தான், இரான் போன்ற நாடுகளிலிருந்துதான் வருகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் இந்தியாவில் முதன்முறையாக நாற்று நட்டார்கள். எங்கோ பனிமலையில் விளையும் பிசின், காஞ்சிபுரத்து ரசத்துக்குள் வரும்போது கோதுமையையும் கூட்டிக்கொண்டு வருகிறது!

ஒரு சிட்டிகையில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற கேள்வி நியாயமானது. சீலியாக் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் பாதிக்கப்படுகிறது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். கோதுமை மாவாகக் கணக்கிட்டால், அது கால் டீஸ்பூனுக்கும் குறைவு. ஒரு பானை சாம்பாரில் போட்ட சிட்டிகைப் பெருங்காயத்தில், ஒருவர் தட்டுக்கு வருவது இதைவிட மிகக் குறைவுதான். ஆனால், நம் வீட்டில் பெருங்காயம் சாம்பாரோடு நிற்பதில்லை. ரசம், இட்லிப் பொடி, ஊறுகாய், மோர், அப்பளம், வடை என்று காலையிலிருந்து இரவு வரை ஏழெட்டு இடங்களில் தலைகாட்டுகிறது. எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. மாற்று இருக்கும்போது எதற்கு அந்தச் சூதாட்டம்?

மாற்று சுலபம். பொருள்கள் பட்டியலில் கோதுமை, மைதா இல்லாமல், அரிசி மாவோ பிசினோ மட்டும் சேர்த்த பெருங்காயத்தைத் தேடி வாங்கலாம். இந்தியாவில் பாக்கெட் உணவுகளின் லேபிளில் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கிடைக்கவில்லையா? வாயுத்தொல்லைக்குப் பூண்டும் சுக்கும் சீரகமும் ஓமமும் இருக்கின்றன. கோயில் இட்லியின் மணமே மிளகும் சீரகமும் சுக்கும்தானே!

'முன்னால என்ன அரைச்சீங்க?'

அடுத்த ஆபத்து மாவு மில். மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருப்பார்கள். அரிசியையும் கோதுமையையும் பல இடங்களில் ஒரே மெஷினில்தான் போடுவார்கள். முந்தைய ஆளின் மாவு கலந்துவிடாமலிருக்க, நம் தானியத்தில் ஒரு பிடியை முதலில் ஓடவிட்டு எடுத்துவிடும் வழக்கம் உண்டு. ருசிக்கு அது போதும். சீலியாக் உள்ளவர்களுக்குப் போதாது. கல்லின் இடுக்குகளிலும் துணிப் பையிலும் கோதுமை மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் நம் பாட்டிமார் சமையல் கைகொடுக்கிறது. இட்லி, அடை, வடை, கொழுக்கட்டை எல்லாமே ஊறவைத்து வீட்டில் அரைப்பவை. மில்லுக்குப் போகவே வேண்டாம். முழு அரிசி, முழு உளுந்து, கடலைப்பருப்பு வாங்கி, பொறுக்கி, இரண்டு மூன்று முறை கழுவி, ஊறவைத்து, சொந்த கிரைண்டரிலோ மிக்ஸியிலோ அரைத்துவிட்டால் பாதிக்கு மேல் கவலை தீர்ந்தது. காய்ந்த மாவு தேவைப்படும் பலகாரங்களைக் கொஞ்சம் ஒதுக்கி, ஈர மாவுப் பலகாரங்களுக்கு மாறுவதுதான் இதில் பெரிய சூட்சுமம்.

வீட்டிலும் இரண்டு பொருள்களைத் தனியாக வைத்துவிடுங்கள். ஒன்று சல்லடை. கோதுமை மாவு சலித்த சல்லடையின் கண்களிலிருந்து மாவை முழுதாகப் போக்க முடியாது. இன்னொன்று, சப்பாத்திக் கட்டை. தோசைக்கல்லும் ஒன்றையே சப்பாத்திக்கும் தோசைக்கும் வைத்துக்கொள்ளாமல் பிரித்துவிடுவது நல்லது.

இனி சமையலறைக்குப் போகலாம்.

காய்கறிக் குடலை இட்லி

பச்சரிசி ஒரு கப், இட்லி அரிசி ஒரு கப், உளுந்து ஒரு கப். எல்லாவற்றையும் நான்கு மணி நேரம் ஊறவைத்து, ரவைப் பதத்துக்குக் கொரகொரப்பாக அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிடுங்கள். நைஸாக அரைத்தால் இந்த இட்லியின் குணமே போய்விடும்.

காலையில் ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகத்தை ஒன்றிரண்டாகத் தட்டி, அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, கறிவேப்பிலையோடு இரண்டு டேபிள்ஸ்பூன் நெய்யில் பொரித்து மாவில் கொட்டுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயும் சேருங்கள். பழைய முறை இத்தோடு முடிந்தது. காய்கறிக்காக, துருவிய கேரட் அரை கப், மிகப் பொடியாக நறுக்கிய பீன்ஸ் கால் கப், ஒரு பிடி கொத்தமல்லித்தழை. பீன்ஸை ஒரு நிமிடம் எண்ணெயில் வதக்கிச் சேர்த்தால் பச்சை வாசனை வராது. தண்ணீர் விடும் காய்களான சுரைக்காய், பூசணி இதற்கு வேண்டாம், நடுவில் வேகாமல் களியாக நிற்கும்.

குடலை எல்லோர் வீட்டிலும் இருக்காது. எவர்சில்வர் டம்ளரில் எண்ணெய் தடவி, வாழை இலைத் துண்டையோ மந்தாரை இலையையோ சுருட்டி உள்ளே வைத்து, முக்கால் டம்ளர் மாவு ஊற்றி, இட்லிப் பானையில் 20-25 நிமிடம் வேகவையுங்கள். கத்தியை நடுவில் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறியபின் வட்டமாக வெட்டி டிபன் பாக்ஸில் வைத்தால் மதியம் வரை காயாமல் இருக்கும். கடையில் காஞ்சிபுரம் இட்லிக்கு இன்ஸ்டன்ட் மிக்ஸ் வாங்குபவர்கள், அதில் ரவை சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆவியில் வெந்த பலகாரத்துக்கு நெசவாளர் வீடுகளில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பட்டு நூலைத் தொடும் கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. பஜ்ஜி தின்றால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் தறியில் உட்கார முடியும்.

வாழைப்பூ வடை

வாழைப்பூவை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பூவிலும் நடுவே தலை தடித்து நிற்கும் நரம்பையும், அடியில் கண்ணாடிபோல இருக்கும் சின்ன இதழையும் எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கி, கறுக்காமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டுவையுங்கள்.

ஒரு கப் கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். காய்ந்த மிளகாய் நான்கு, பூண்டு நான்கு பல், ஒரு டீஸ்பூன் சோம்பு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, கடைசியில் பிழிந்த வாழைப்பூவையும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் கலந்து தட்டிப் போடுங்கள். சோம்பும் பூண்டும் இருக்கும்போது பெருங்காயத்தை யாரும் தேட மாட்டார்கள். மாவு தளர்ந்துவிட்டால் சிலர் ரவையோ மைதாவோ ஒரு ஸ்பூன் சேர்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்துச் சேர்த்தால் அதே வேலையைச் செய்யும். இந்த அளவில் வாழைப்பூவுக்குப் பதிலாக முட்டைகோஸ், தண்டுக்கீரை எதையும் போடலாம்.

குட்டி அடை

இது பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு. இட்லி அரிசி ஒரு கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சேர்ந்து ஒரு கப், ஊறவைத்து மிளகாய், சீரகம், இஞ்சியோடு அரைத்த மாவு. அதில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, அல்லது துருவிய சுரைக்காய். சுரைக்காய் தண்ணீர் விடும் என்பதால் அரைக்கும்போது தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுக்கு ஊற்றி, நடுவில் ஓட்டை போட்டு, நல்லெண்ணெய் விட்டு, மூடாமல் மொறுமொறுவென எடுங்கள். சீலியாக் உள்ள பிள்ளைகளுக்கு ரத்தசோகையும் இருப்பது சகஜம். அதனால் கீரையும் பருப்பும் சேர்ந்த இந்த அடைக்குப் பாக்கெட் பிஸ்கட்டைவிட எப்போதுமே முன்னுரிமை கொடுக்கலாம்.

காய்கறிக் காரக் கொழுக்கட்டை

கடை மாவு வேண்டாம். ஒரு கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கப் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் நைஸாக அரைத்துக்கொள்ளுங்கள். அடிகனமான சட்டியில் எண்ணெய் விட்டு, கடுகு, உளுந்து, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவிய கேரட், தேங்காய்த் துருவல், ஒரு பிடி பச்சைப் பட்டாணியை வதக்கி, அரைத்த மாவையும் உப்பையும் ஊற்றிக் கிளறுங்கள். கை விடாமல் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் சுருண்டு பந்தாக வரும். ஆறியதும் பிடித்து, பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் போதும்.

ரொட்டித் தூள் இல்லாத கட்லெட்

கட்லெட் என்றாலே மைதாக் கரைசலில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டுவது என்று ஆகிவிட்டது. இரண்டுக்கும் அரிசியிலேயே பதில் இருக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு, துருவி வதக்கிய பீட்ரூட் ஒன்று, கொஞ்சம் பட்டாணி, இஞ்சி, பச்சைமிளகாய், மல்லித்தழை, உப்பு. ஈரத்தை இழுக்க இரண்டு டேபிள்ஸ்பூன் அவலைப் பொடித்துச் சேருங்கள். புரட்டுவதற்கு, அவலை வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொண்டால் ரொட்டித் தூளைவிட மொறுமொறுப்பாகவே வரும். முக்குவதற்கு, ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் இரண்டு கரண்டியைத் தண்ணீராகக் கரைத்துக்கொள்ளலாம். தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் சுட்டாலே போதும், பொரிக்க வேண்டியதில்லை.

வாழைக்காய் பஜ்ஜிக்குத் தனிக் குறிப்பே தேவையில்லை. நான்கு பங்கு கடலை மாவு, ஒரு பங்கு அரிசி மாவு, மிளகாய்த்தூள், ஓமம், உப்பு. கடையில் விற்கும் பஜ்ஜி போண்டா மாவில் மைதா சேர்ந்திருக்கலாம் என்பதால், கடலைப்பருப்பை வாங்கி வீட்டு மிக்ஸியில் திரித்து, தனிச் சல்லடையில் சலித்துக்கொள்வது பாதுகாப்பு.

வெளியே போனால்?

பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வருபவர்கள் காலையில் கடை ஏறினால் மாலைவரை இறங்க மாட்டார்கள். நடுவில் பிள்ளைகளுக்குப் பசிக்கும். தெருவோர டீக்கடையில் மெதுவடையைப் பார்த்ததும், உளுந்துதானே என்று வாங்கிக் கொடுத்துவிடத் தோன்றும். வடையில் கோதுமை இல்லைதான். ஆனால், அதே சட்டியில் அதற்கு முன்னால் சமோசாவோ பிரெட் பஜ்ஜியோ மைதா போண்டாவோ பொரிந்திருக்கும். எண்ணெயில் மிதக்கும் மாவுத் துகள்கள் வடையில் ஒட்டும். கொதிக்கும் எண்ணெயில் குளூட்டன் அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை.

அதனால் கடைக்காரரிடம் "இதில் கோதுமை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்த எண்ணெயில் வேறு என்ன போட்டீர்கள்? பெருங்காயம் போட்டீர்களா?" என்று கேட்க வேண்டும். திருப்தியான பதில் வராவிட்டால் வாழைப்பழம், வேகவைத்த கடலை, இளநீர் போதும். கோயில் பிரசாதத்திலும் புளியோதரையில் பெருங்காயம் இருக்கலாம், கேசரி என்றால் ரவை. கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

சத்துமாவிலும் கவனம் வேண்டும். பல வீடுகளில் கோதுமையையும் பார்லியையும் வறுத்துச் சேர்த்துத்தான் திரிக்கிறார்கள். மால்ட் சேர்ந்த பால் பவுடர்களில் மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி. கேழ்வரகு சேமியா, ராகி பிஸ்கட் என்று பெயரில் மட்டும் சிறுதானியத்தை வைத்துக்கொண்டு உள்ளே கோதுமையைச் சேர்த்த பாக்கெட்டுகளும் ஏராளம். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லாவிட்டாலும், கோதுமையோடு சேர்ந்து அறுவடையாகிக் கலந்துவிடுவதால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

மொட்டை மாடி வடகம்

வெயில் காலத்தில் ஒரு வாரம் ஒதுக்கினால் வருஷத்துக்கான ஸ்நாக்ஸைச் சேர்த்துவைத்துவிடலாம். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி, அதில் பச்சைமிளகாய் விழுது, சீரகம், உப்பு, துருவிப் பிழிந்த வெண்பூசணி, எலுமிச்சைச் சாறு கலந்து, கெட்டியாக இருக்கும்போதே சின்னச் சின்னதாகக் கிள்ளிவைக்க வேண்டும். கோதுமை உலர்த்திய துணியாக இல்லாமல் புதுத் துணியோ பிளாஸ்டிக் ஷீட்டோ விரித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் கலகலவெனக் காய்ந்ததும் டப்பாவில் போட்டு, 'வடகம்' என்பதோடு அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பொரிக்கும் நாளில், வீட்டில் மற்றவர்களுக்குச் சமோசாவும் உண்டென்றால் வரிசையை மாற்ற வேண்டாம். புது எண்ணெயில் முதலில் வடகம். அதை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் மூடிவைத்த பிறகு சமோசா.